மலைக்காட்டின் மரக் குடும்பங்கள்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மரங்களைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை முழுமையாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒத்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கியுள்ளோம்.

கேள்வி: தாவரக் குடும்பங்களின் பெயர்களைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிறோம். ஒரு மரம் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்வதால் யாருக்கு என்ன பயன்? நம் தேயிலைக்குக் காட்டில் உறவு மரங்கள் உண்டா?
(உயர்தர வகுப்பு மாணவி, தலவாக்கலை)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லலாம். உண்டு. 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராகப் பயிரிடத் தொடங்கினார். அதற்கு மிக நீண்ட காலத்துக்கு முன்பிருந்தே தேயிலைக் குடும்பத்தைச் சேர்ந்த கோர்டோனியா மரங்கள் நம் மலைக்காட்டில் நின்றுகொண்டிருந்தன. அவற்றுள் கோர்டோனியா சைலானிக்கா இலங்கைக்கே உரியது. கவ்வாத்து செய்யாமல் விட்டு மரமாக வளர்ந்த பழைய தேயிலைச் செடி பூத்திருப்பதைப் பார்த்தவர்கள், வெளிறிய இதழ்களையும் நடுவே திரண்டு நிற்கும் மஞ்சள் கேசரங்களையும் நினைவில் வைத்துக்கொண்டு ஹக்கலை அல்லது ஹோர்ட்டன் சமவெளிக் காட்டுக்குப் போனால் உறவை எளிதில் அடையாளம் காண்பார்கள். விதையில்தான் வேறுபாடு. தேயிலை விதை உருண்டையானது, தாய்ச்செடியின் அடியிலேயே விழும். கோர்டோனியாவின் விதைக்குச் சிறகு உண்டு.

இனி முதல் கேள்வி. ஒரே குடும்பத்து மரங்கள் பூவிலும் காயிலும் மட்டுமன்றி, வேரின் பழக்கத்திலும், பட்டையிலும் இலையிலும் சேர்த்துவைக்கும் இரசாயனப் பொருள்களிலும், விதையைப் பரப்பும் முறையிலும் பெரும்பாலும் ஒத்திருக்கும். எனவே அவரைக் குடும்பத்து மரம் என்று அறிந்தவுடன் அதன் வேரில் நைதரசனைச் சேர்க்கும் முடிச்சுகள் இருக்கக்கூடும் என்று எதிர்பார்க்கலாம். கறுவாக் குடும்பத்து மரம் என்றால் இலையைக் கசக்கும்போதே வாசனை எண்ணெய் கையில் ஒட்டும் என்று எதிர்பார்க்கலாம். மரத்தின் சந்தை மதிப்பும் காட்டில் அது ஆற்றும் பணியும் பெரும்பாலும் இந்தக் குடும்பக் குணங்களிலிருந்தே பிறக்கின்றன. குடும்பத்தைப் பற்றிய அறிவு பரீட்சை மண்டபத்துக்கு வெளியில்தான் அதிகம் பயன்படும் என்பது எம் கருத்து.

கேள்வி: சிவனொளிபாதமலையைச் சுற்றியுள்ள காட்டில் வானளாவ நிற்கும் மரங்களைச் சிங்களத்தில் 'தூன்' என்கிறார்கள். இவை என்ன மரங்கள்? வெட்டி விற்றால் பெரும் பணம் கிடைக்கும் என்று சிலர் சொல்வது உண்மையா?
(வாசகர், மஸ்கெலியா)

பதில்: டிப்டெரோகார்ப்பேசியே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழில் இதைக் குங்கிலியக் குடும்பம் என்று சொன்னால் பொருந்தும், ஏனெனில் தூபத்துக்கு இடும் குங்கிலியப் பிசினைத் தரும் மரங்கள் இக்குடும்பத்தில் உள்ளன. இலங்கையில் இதன் இனங்கள் ஐம்பதுக்கும் மேல். அவற்றுள் ஏறத்தாழ எல்லாமே உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதவை. ஸ்டெமனோபோரஸ் என்ற பேரினமோ, இருபதுக்கும் மேற்பட்ட இனங்களோடு முழுவதும் இந்தத் தீவுக்கே சொந்தமானது. ஆசியாவின் பிற நாடுகளில் இக்குடும்பம் பெரும்பாலும் தாழ்நிலக் காடுகளையே ஆள்கிறது. சிவனொளிபாதமலைச் சரிவிலோ அது குளிர்ந்த மலைக்காட்டுக்கும் ஏறியிருக்கிறது. தாவரவியலாளர்கள் உங்கள் ஊர்ப் பக்கம் ஆர்வத்தோடு வந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணம் கிடைக்கும் என்பது பொய்யல்ல. 1970களின் தொடக்கத்தில் சிங்கராஜ வனத்தில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டினார்கள். பொதுமக்களும் அறிவியலாளரும் எதிர்த்ததால் 1977 இல் அது நிறுத்தப்பட்டது. 1988 இல் அதே காடு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இதே குடும்பத்து ஹொர மரம் தண்டவாளக் கட்டைகளுக்கும் பயன்பட்டது. ஆனால் இம்மரங்களை வெட்டிய இடத்தில் மீண்டும் வளர்ப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. இவை ஆண்டுதோறும் ஒழுங்காகக் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரளாகக் காய்க்கும். பல இனங்களின் காய்க்குச் சிறகு இருந்தாலும் அது தாய்மரத்திலிருந்து வெகுதூரம் போவதில்லை. விதையை உலர்த்திப் புட்டியில் அடைத்து அடுத்த ஆண்டுக்கு வைக்கவும் முடியாது, உலர்ந்தால் செத்துவிடும். முளைத்த கன்றுக்கோ, வேரை உறைபோல மூடி மண்ணிலிருந்து ஊட்டச்சத்தை எடுத்துக் கொடுக்கும் ஒருவகைக் காளான் துணை வேண்டும். அந்தக் காளான் பழைய காட்டு மண்ணில் இருக்கிறது. பல தலைமுறை தேயிலை நின்ற மண்ணில் அதை எதிர்பார்க்க முடியாது. வெட்டுவதற்கு ஒரு நாள் போதும். அதே மரத்தை வளர்த்தெடுக்க, காய்க்கும் ஆண்டும் மண்ணும் நிழலும் காளானும் ஒன்றுகூடி வரவேண்டும்.

வெட்டாமலே கிடைத்த பயன்களையும் சொல்லவேண்டும். இக்குடும்பத்தைச் சேர்ந்த பெரலிய மரத்தின் விதையையும் ஹல் மரத்தின் விதையையும் பதப்படுத்தி மாவாக்கி உண்பது காட்டோரக் கிராமங்களின் பழைய வழக்கம். ஹல் மரத்தின் பட்டைத் துண்டைக் கித்துள் பதநீர் சேரும் முட்டியில் போட்டால் நீர் விரைவில் புளிப்பதில்லை. கருப்பட்டி காய்ச்சுவோருக்கு அந்தச் சில மணி நேரம் பெரிய விடயம். பனைக் குடும்பத்து மரத்திலிருந்து வரும் வருமானம் குங்கிலியக் குடும்பத்து மரத்தின் பட்டையில் தங்கியிருக்கும் இந்த ஏற்பாட்டை எந்த மர வியாபாரியின் விலைப்பட்டியலிலும் காணமுடியாது. பட்டையை மட்டுமீறி உரித்தால் ஹல் மரமும் பட்டுப்போகும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

கேள்வி: ஹோர்ட்டன் சமவெளியிலும் பீதுருதாலகாலையிலும் உள்ள மரங்கள் குட்டையாகவும் முறுக்கிக்கொண்டும் நிற்கின்றன. பலகைக்கும் ஆகாத இந்தக் காட்டுக்குப் பொருளாதார மதிப்பு என்று ஏதாவது உண்டா?
(ஓய்வுபெற்ற அரச ஊழியர், நுவரெலியா)

பதில்: உங்கள் வீட்டு மின்விளக்கிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். ஹோர்ட்டன் சமவெளியும் அதைச் சூழ்ந்த மலைகளும் மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆற்றுத் தொகுதிகளின் தலைநீர்ப் பகுதி. 2012 இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாற் கொள்ளளவுள்ள மேல் கொத்மலை நிலையமும், காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களை நம்பியிருக்கும் லக்சபானத் தொகுதியும் இந்த மலைகளில் விழும் நீரையே மின்சாரமாக்குகின்றன. அதே நீர் கீழே வயலுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் போகிறது.

மரங்கள் முறுக்கிக்கொண்டு நிற்பது குறைபாடன்று. ஓயாத காற்றும் குளிரும் மூடுபனியும் உள்ள இடத்தில் வாழும் முறை அது. மேல் விதானத்தில் புன்னைக் குடும்பத்து மரங்களில் ஒன்றான, சிங்களத்தில் 'கீன' எனப்படும் கலோபிலம் வாக்கரி பரவலாக நிற்கிறது. அதனோடு நாவல் குடும்பத்துச் சிசிஜியம் இனங்களும், கறுவாக் குடும்பத்தின் காட்டு இனங்களும் கலந்து நிற்கின்றன. இவற்றின் தடித்த சிறிய இலைகளிலும், கிளைகளைப் போர்த்திய பாசியிலும், தொங்கும் மரப்பாசியிலும் முகில் மோதும்போது நீர் துளிகளாகத் திரண்டு கீழே சொட்டுகிறது. மழைமானியில் பதிவாகாத இந்த நீர் மழையற்ற மாதங்களில் ஊற்றுகளுக்குப் பெருந்துணை. காட்டை அழித்தால் முகில் வந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் அதைப் பிடித்துவைக்க அங்கு எதுவும் இருக்காது.

1873 ஆம் ஆண்டிலேயே, இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஜோசப் ஹூக்கர், இலங்கையின் 5000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழிக்கக்கூடாது என்று வலியுறுத்தினார். கோப்பிக்காக மலைகள் மொட்டையாகிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கருத்து ஓரளவுக்கேனும் கேட்கப்பட்டதால்தான் நீங்கள் இன்று சன்னலைத் திறந்து பீதுருதாலகாலையைப் பச்சையாகப் பார்க்கிறீர்கள். ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை வனம், நக்கிள்ஸ் ஆகிய மூன்றும் மத்திய மலைநாடு என்ற பெயரில் 2010 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டன.

இந்தக் காட்டில் வெரலு மரத்தின் குடும்பமும் உண்டு. உப்பும் மிளகாயும் சேர்த்து நாம் தின்னும் வெரலுக்காயும், பூசை அறையில் இருக்கும் உருத்திராட்சமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அதன் சதைப்பற்றுள்ள கனிகளும், நாவல், கறுவாக் குடும்பங்களின் கனிகளும் மலைப்புறா முதலிய பறவைகளுக்கு உணவாகின்றன. அப்பறவைகளே விதையைக் கொண்டுபோய் அடுத்த சரிவில் போடுகின்றன. ஹோர்ட்டன் சமவெளியில் சில தசாப்தங்களாக மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து மடிவதும், அதில் நாவல் குடும்பத்து இனங்கள் பெரிதும் பாதிக்கப்பட்டிருப்பதும் கவலை தரும் செய்தி. அக்குடும்பம் மெலிந்தால் காட்டின் நீர் பிடிக்கும் திறனும் பறவைகளின் உணவும் சேர்ந்தே மெலியும்.

கேள்வி: மூங்கில் எந்த மரக் குடும்பம்?
(வாசகி, கம்பளை)

பதில்: மரமே அன்று. நெல்லும் கரும்பும் சேர்ந்த புல் குடும்பம்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் பைனஸ் நட்ட பிறகு ஊற்றுகள் வற்றிவிட்டன. கோடையில் தீயும் பிடிக்கிறது. எல்லாவற்றையும் வெட்டி அகற்றவேண்டும் என்கிறோம். உங்கள் கருத்து என்ன?
(கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர், பண்டாரவளை)

பதில்: உங்கள் குறை நியாயமானது, ஆனால் நீங்கள் சொல்லும் பரிகாரத்தில் எமக்கு உடன்பாடில்லை.

இலங்கையின் காட்டில் இயற்கையாக வளரும் பைனஸ் குடும்பத்து மரம் ஒன்றுகூட இல்லை. இங்குள்ளவற்றுள் பெரும்பாலானவை கரீபியன் பைனஸ். மண்ணரித்த சரிவுகளிலும், கைவிடப்பட்ட தேயிலை நிலத்திலும், ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளிலும் 1970களிலிருந்து இவற்றைப் பரவலாக நட்டார்கள். வேறெதுவும் எளிதில் பிடிக்காத மண்ணில் அது பிடித்துக்கொண்டது என்பதை மறுக்கமுடியாது. மண்ணைப் பசுமையாக மூடியது, பலகையும் தந்தது, அதன் பிசினை வடித்தெடுக்கும் தொழிலால் சிலருக்கு வேலையும் கிடைத்தது. ஆனால் புல்வெளியில் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் ஆழவேர் மரங்களை நெருக்கமாக நட்டால், அவை புல்லைவிடக் கூடுதல் நீரை உறிஞ்சி ஆவியாக்கும். ஓடையில் நீர் குறைவது அதன் நேரடி விளைவு. புல்வெளியை மரமற்ற வீண்நிலம் என்று நினைத்த அக்காலப் பார்வையே முதற்பிழை. அடுத்த சிக்கல் ஊசியிலை. பிசின் நிறைந்த அந்த இலை மெதுவாகவே மக்குகிறது, தடித்த விரிப்பாகக் கிடக்கிறது, ஊவாவின் வறண்ட மாதங்களில் எவரோ எறிந்த தீக்குச்சிக்கு அது வைக்கோற்போர்.

ஆயினும் செங்குத்தான சரிவில் உள்ள மரங்களை ஒரே மூச்சில் மொட்டையடித்தால், அடுத்த பெருமழையில் மண் உங்கள் வீட்டு முற்றத்துக்கு வரும். அடிவேர் அழுகத் தொடங்கும் ஆண்டுகளில் மண்சரிவு ஆபத்து இன்னும் கூடும். பதுளை மாவட்டத்தவருக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. இதற்கு நல்ல மாற்று வழி ஒன்றைச் சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக ஆகியோரும் அவர்களோடு இணைந்த ஆய்வாளர்களும், பைனஸ் தோட்டத்தில் சில வரிசைகளை மட்டும் அகற்றி, அந்த இடைவெளியில் ஹொர, தூன், நாகம், கித்துள் முதலியவற்றின் கன்றுகளை நட்டார்கள். மூன்று வரிசை அளவுக்குத் திறந்துவிட்ட இடங்களில் கன்றுகள் நன்கு வளர்ந்தன. வெயிலைத் தணிக்கும் செவிலித்தாயாகப் பைனஸ் பயன்பட்டது. அது ஈரவலய அனுபவம். உங்கள் பக்கத்துக் காய்ந்த சரிவில் அதே இனங்களை நடாமல், அந்தந்த உயரத்துக்கும் மழைக்கும் உரிய உள்ளூர் மரங்களைத் தேர்ந்தெடுக்கவேண்டும். முன்பு உண்மையில் பத்தனைப் புல்வெளியாக இருந்த இடத்தை மீண்டும் புல்வெளியாகவே விடுவதையும் கேட்கலாம். ஊற்றுக்கண்ணைச் சுற்றியுள்ள மரங்களைப் படிப்படியாகக் குறைப்பதை முதற்கோரிக்கையாக வைத்து வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு எழுதுங்கள். நீங்களாகவே வெட்டினால் வழக்கு உங்கள் மீதுதான் வரும்.

கேள்வி: தோட்டத்தில் நிழல் மரங்களை வெட்டி விற்றுக்கொண்டே வருகிறார்கள். சவுக்கும் முள்முருக்கும் போனால் தேயிலைக்கு என்ன ஆகும்?
(ஓய்வுபெற்ற கங்காணி, அப்புத்தளை)

பதில்: நீண்ட காலம் தேயிலையோடு வாழ்ந்த உங்களுக்கு விடை தெரிந்தே இருக்கும். இருந்தாலும் குடும்பக் கணக்கில் சொல்கிறோம். மலையகத் தோட்டங்களில் சவுக்கு என்று சொல்லப்படும் மரம், கடற்கரைச் சவுக்கு அன்று. அது அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரிவில்லியா. அதன் குடும்பத்தின் தனிச்சிறப்பு, தூரிகை மயிர்போலக் கொத்தாக விடும் நுண்வேர்கள். பிற செடிகளுக்கு எட்டாத பொசுபரசை அவை கரைத்து எடுக்கின்றன, உதிரும் இலை வழியாக அதில் ஒரு பகுதி மேல்மண்ணுக்கு வருகிறது. முள்முருக்கு அவரைக் குடும்பம். வேர் முடிச்சில் வாழும் பக்டீரியா காற்றின் நைதரசனைப் பிடித்துக் கொடுக்கிறது, வெட்டிப்போடும் தழை சில வாரங்களில் மக்கி உரமாகிறது. ஒன்று உயர்ந்த நிழலையும் விறகையும் தந்தது, மற்றது தாழ்ந்த நிழலையும் பசளையையும் தந்தது. பழைய துரைமார் இவ்விரண்டையும் சேர்த்து நட்டது வெறும் அழகுக்காக அன்று. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் திடீரென்று தடை வந்தபோது தோட்டங்கள் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம். முள்முருக்கு நிறைந்த மலையில் அந்த அடி சற்றேனும் மெதுவாக விழுந்திருக்கும் என்பது எம் எண்ணம்.

கேள்வி: கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டிப் பலர் பாதிக்கப்படுகிறார்கள். உயர்ந்த மரங்களை எல்லாம் வெட்டினால் தொல்லை தீருமா?
(தோட்டத் தொழிலாளி, பொகவந்தலாவை)

பதில்: தீராது, அம்மா. தோட்டங்களில் குளவி என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி உண்மையில் மலைத்தேனீ. பூக்காலத்தைப் பின்பற்றி இடம்பெயர்ந்து வந்து, உயர்ந்த கிளைகளின் அடியிலும் பாறை இடுக்கிலும் திறந்த கூடு கட்டும். தோட்டத்தில் டர்பன்டைன் என்று அழைக்கப்படும் யூக்கலிப்டஸ் நாவல் குடும்பத்தைச் சேர்ந்தது, பூவில் தேன் மிகுதி, அதனால் அங்கு கூடுகள் அதிகம். அதே தேனீக்கள்தான் சிங்கராஜ வனத்தில் பெரலிய மரங்களுக்கு மகரந்தம் சேர்க்கின்றன. அவை இல்லாவிட்டால் அம்மரங்களின் காய்ப்புக் குறையக்கூடும். மலையில் வேலை தொடங்குமுன் கூடுகளைப் பார்த்து அந்தப் பகுதியை ஒதுக்குவதும், பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு கூட்டை இடம்மாற்றுவதும், பாதுகாப்பு உடையும் உடனடி வைத்திய வசதியும் தருவதும் நிருவாகத்தின் கடமை. மரத்தின் மீது பழியைப் போட்டு அந்தக் கடமையைத் தட்டிக்கழிக்க இடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வல்லப்பட்டை மரத்துக்கு ஏன் இவ்வளவு விலை? கராம்பு, சாதிக்காய், கறுவா நடுவதைவிட அது இலாபமா?
(சிறு தோட்ட உரிமையாளர், கினிகத்தேனை)

பதில்: வல்லப்பட்டை, சந்தனத்தோடு சேர்த்து நம் முன்னோர் பாடிய அகிலின் குடும்பம். நலமாக நிற்கும் மரத்தில் வாசனை இல்லை. வெள்ளையான இலேசான கட்டைதான் இருக்கும். காயம்பட்டு, அதன் வழியே பூஞ்சணம் தொற்றும்போது தன்னைக் காத்துக்கொள்ள மரம் சுரக்கும் பிசினுக்கே அந்த விலை. இது அறியாத திருடர்கள் பிசினில்லாத மரங்களையும் வெட்டித் தள்ளுகிறார்கள். இம்மரங்களின் சர்வதேச வணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது, அனுமதியின்றி வெட்டுவதும் கொண்டுசெல்வதும் குற்றம். நட்ட மரத்தில் பிசின் உருவாகுமா என்பதும் நிச்சயமில்லை. இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் புவிசார் குறியீடு வழங்கியிருக்கிறது. அறுவடையும் ஆண்டுதோறும் வரும். எம்மைக் கேட்டால் கறுவாவை முதலில் நடச் சொல்வோம். கராம்பு நாவல் குடும்பம், சாதிக்காய்க்குத் தனிக் குடும்பம். மூன்றும் மூன்று குடும்பம் என்பதால் ஒரு நோயோ பூச்சியோ மூன்றையும் ஒருசேர வீழ்த்துவது அரிது. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய், மலைமுழுதும் ஒரே பயிராக நின்ற கோப்பியை என்ன செய்தது என்பது மலையகத்தில் யாரும் மறக்கமுடியாத கதை.

கேள்வி: லயத்துக்கு மேலே ஓடும் சிற்றோடைக்கரையில் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. என்ன நடலாம்?
(இளைஞர், பதுளைக்கு அருகில்)

பதில்: எத்தனை கன்று என்று எண்ணுவதைவிட எத்தனை குடும்பம் என்று எண்ணுங்கள். நீரை ஒட்டிய வரிசையில் மருது, அத்தி. மருதின் வேர் கரையைப் பிடிக்கும். பிற மரங்களில் கனியில்லாத மாதங்களிலும் அத்தியில் பழம் இருக்கும், பறவைகள் வரும், அவை கொண்டுவரும் விதைகள் நீங்கள் நடாத மரங்களையும் முளைக்கவைக்கும். சற்று மேலே நாகமும் நாவலும். நாக விதையை விழுந்தவுடன் பொறுக்கி நடவேண்டும், வைத்திருந்தால் முளைப்புத்திறன் போய்விடும். வீட்டுப் பக்கத்தில் பலா, ஈரப்பலா, ஆனைக்கொய்யா. ஓரத்தில் முள்முருக்குப் போத்துகளை ஊன்றி அவற்றில் மிளகைப் படரவிடுங்கள். டர்பன்டைனை ஓடைக்கரையில் நடவேண்டாம், அதற்கு நீர்வேட்கை அதிகம்.

கித்துள் நடுவதானால் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் நடாதீர்கள். பாளை விடுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும், பாளைகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக வந்து முடிந்ததும் மரம் மடிந்துவிடும். ஆண்டுக்குச் சில கன்றுகளாக நட்டுவந்தால் பதநீர் இடைவிடாமல் கிடைக்கும். பலா, ஈரப்பலா மரங்களைப் பின்னாளில் பலகைக்காக வெட்ட நினைத்தால், சொந்த நிலமாக இருந்தாலும் 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி முன் அனுமதி தேவை. அதற்கு உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள், நிலத்தின் உறுதிப் பத்திரத்தையும் உடன் கொண்டுசெல்லுங்கள்.